பங்குனியில் வாங்கிய பத்து முயல்கள்

பங்குனி கடைசி வாரத்தில் பத்து முயல் வாங்கினேன். ஏழு பெண், மூன்று ஆண். விற்றவர்கள் இதை ‘ஒரு யூனிட்’ என்றார்கள். முயல் ஒன்று 1,800 ரூபாய், கூண்டுகள் 22,000, தகரக் கொட்டகை 31,000. ஆக 71,000 ரூபாய், தீவனம் தனி. முதல் வரவைக் கண்ணால் பார்த்தது பதின்மூன்றாவது மாதத்தில். அதற்குள் வாங்கியதில் பாதிக்கு மேல் செத்துப்போனது, கொட்டகையைப் பிரித்து மறுபடி போட வேண்டியதாயிற்று. முயல் வளர்ப்பைப் பற்றி நான் கேட்டது, படித்தது எல்லாம் மலைப்பக்கத்துக் கணக்கு, இல்லையென்றால் கொங்குப் பக்கத்துக் கணக்கு. நம்ம ராமநாதபுரம் கடலோரத்தில் வெயில் வேறு, தண்ணீர் வேறு, காற்று வேறு. இதை அன்றைக்கு ஒருத்தர் உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் அந்த வாயில்லாச் சீவன்கள் பிழைத்திருக்கும். உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம், தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் வீட்டோடு கறி முயல் வளர்க்க நினைக்கிறவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் தப்பு வாங்கும்போதே நடந்தது. ஆறு மாத முயல் என்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தராசில் வைத்தால் பெரும்பாலானவை ஒன்றே முக்கால், இரண்டு கிலோ. கறி இனங்களான நியூசிலாந்து வெள்ளையோ சோவியத் சின்சில்லாவோ ஆறு மாதத்தில் மூன்று கிலோவை ஒட்டியாவது இருக்க வேண்டும். அந்த எடைக்கு அவை மூன்று மாதக் குட்டிகள். ஆண் என்று கொடுத்த மூன்றில் ஒன்று வளர்ந்த பிறகு பெண் என்று தெரிந்தது. எல்லாம் ஒரே வீட்டுக் குட்டிகள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அண்ணன் தங்கச்சியை இணை சேர்த்தால் ஈற்றுக்கு ஈற்று குட்டி சிறுத்துக்கொண்டே போகும். அதனால் வாங்கப் போகும்போது தராசைக் கையோடு கொண்டு போங்கள். காதை விரித்து உள்ளே பாருங்கள், பொருக்கு இருந்தால் சொறி. முன்னங்காலின் உட்பக்கத்தைப் பாருங்கள். சளி பிடித்த முயல் மூக்கைக் காலில்தான் துடைக்கும், அந்த இடத்து முடி பிசுபிசுவென்று ஒட்டிக் கிடக்கும். வாலுக்குக் கீழே சுத்தமாக இருக்க வேண்டும். உதட்டை விலக்கினால் மேல் பல் கீழ்ப் பல்லுக்குச் சற்று முன்னால் மூட வேண்டும், கோணிப் போயிருந்தால் அது தின்ன முடியாமல் இளைத்துச் சாகும். நகம் நீண்டு வளைந்திருந்தால் கிழடு. ஆணை ஓரிடத்திலும் பெண்ணை வேறிடத்திலும் வாங்குங்கள். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, இனம் சுத்தமாகக் கிடைக்கும், முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஆனால் மலைக்குளிரில் பிறந்ததைக் கோடையில் இங்கே இறக்கக் கூடாது. ஐப்பசிக்கும் தைக்கும் நடுவில் கொண்டு வரலாம், அதுவும் இராத்திரிப் பயணமாக. அங்கே தின்ற தீவனத்தில் ஐந்து கிலோ கேட்டு வாங்கி வந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நம்ம தீவனத்துக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது கொட்டகை. பெரிய நஷ்டம் இதில்தான். முயலுக்கு வேர்வை கிடையாது. உடம்புச் சூட்டைக் காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் வெளியே தள்ளும். 15 முதல் 25 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் தீனியைக் குறைக்கும், 35-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நம்ம கடலோரத்தில் வெயில் அளவு மதுரை அளவுக்கு ஏறாது என்று நான் தைரியமாக இருந்தேன். புழுக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. காற்றில் ஈரம் கூடினால் மூச்சு வழியாகச் சூடு வெளியேறாது. இராத்திரியும் தணியாது. சித்திரையில் ஒரு நாள் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று நின்றுபோய் இலை அசையாமல் கிடந்தது. மதியம் இரண்டு மணிக்குக் கொட்டகைக்குள் போனால் கூண்டில் தொங்கவிட்டிருந்த தெர்மாமீட்டர் 41 காட்டியது. முயல்கள் பக்கவாட்டில் நீட்டிப் படுத்துக் கிடந்தன. காது சிவந்து நரம்பு புடைத்திருந்தது, மூக்கைச் சுற்றி எச்சில் நனைந்திருந்தது. ஒன்று தலையைப் பின்னால் எறிந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. முயல் வாயால் மூச்சு வாங்க ஆரம்பித்தால் அது கடைசிக் கட்டம். பதற்றத்தில் வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றினேன், அந்த அதிர்ச்சியிலேயே இரண்டு போய்விட்டன. சாயங்காலத்துக்குள் ஐந்து. பக்கத்து வீட்டு அப்பத்தா வந்து பார்த்துவிட்டு, “தகரத்துக்குக் கீழ மனுசனே இருக்க முடியல, இது என்னத்தப் பண்ணும்? பனை ஓலையப் போடுய்யா” என்றார்கள். அன்றைக்கு எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை.

ஆடியில் தகரத்தைப் பிரித்து விற்றுவிட்டுப் பனை ஓலை வேய்ந்தேன், கூலியோடு 14,000 ரூபாய். நடுவில் பத்தடி, ஓரத்தில் ஆறரை அடி உயரம். ஓரத்தில் ஓலை இரண்டரை அடி வெளியே நீண்டிருக்க வேண்டும், சாரலும் சாய்வெயிலும் கூண்டைத் தொடக் கூடாது. நீளப் பக்கம் கிழக்கு மேற்காக இருந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுக்கே பாயாது. சட்டத்துக்குப் பனஞ்சட்டம் போட்டேன். வேம்பு நிழலோ புங்கை நிழலோ கிடைத்தால் அதற்கு ஈடு வேறு இல்லை. அடுத்த சித்திரையில் அதே மதிய நேரத்துக்கு உள்ளே 34 காட்டியது. அந்த நாட்களில் பதினொரு மணிக்கு ஈரச் சாக்கைக் காற்று வரும் பக்கம் தொங்கவிடுவேன். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறையவைத்துக் கூண்டுக்கு ஒன்று படுக்கப் போட்டால் முயல் அதில் ஒட்டிப் படுத்துக்கொள்ளும். மூச்சு வாங்கும் முயலுக்குக் காதை மட்டும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும், உடம்பை நனைக்கக் கூடாது. தீவனத்தை விடியலில் கொஞ்சமும் இருட்டிய பிறகு மீதியும் வையுங்கள். செரிக்கும்போது உடம்பில் சூடு பிறக்கும், அந்தச் சூடு மதியத்தில் வேண்டாம். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும். கண் பீளை கட்டும், சளி பிடிக்கும். அந்தப் பக்கம் மட்டும் கீற்றுத் தட்டி கட்டி, மற்ற பக்கங்களைத் திறந்து விடுங்கள்.

வெயில் செய்யும் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாது. பிழைத்த நான்கு பெண்ணையும் ஓர் ஆணையும் வைத்துக்கொண்டு வைகாசி முதல் ஆடி வரை ஒன்பது முறை இணை சேர்த்தேன். ஒன்றுகூடச் சினை பிடிக்கவில்லை. பெண் மலடு என்று நினைத்து விற்கப் பார்த்தேன். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டுச் சொன்னார், குறை ஆணிடம் இருக்கிறது, சூட்டில் விந்து கெட்டுப்போயிருக்கிறது, கொட்டகை குளிர்ந்த பிறகு அது சரியாக ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும் என்று. அப்படியேதான் நடந்தது. ஓலைக் கூரை போட்டு இரண்டு மாதம் கழித்துப் புரட்டாசியில் சினை பிடித்தது. அதனால் கோடையில் மூன்று மாதம் இணை சேர்க்காமல் விட்டுவிடுங்கள். ஆண் முயல் கூண்டை இருப்பதிலேயே குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் என்னைப் போலவே நிறையப் பேர் ஏமாறுவார்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆடு குடிக்கிறது, முயலும் குடிக்கும் என்று ஊற்றினேன். முயல் வேண்டிய அளவு குடிக்காது, தண்ணீர் குறைந்தால் தீனி குறையும், பால் வற்றும். முயலே அழுத்திக் குடிக்கும் நிப்பிளைக் குழாயில் போட்டால் ஒரு மாதத்தில் உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். கறுப்புக் குழாயில் நிற்கும் தண்ணீர் மதியத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். இப்போது காவிரிக் குடிநீரும் மழைத்தண்ணீரும்தான். கனமான மண் சட்டியில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் மாற்றுகிறேன். வளர்ந்த முயல் கோடையில் அரை லிட்டர் குடிக்கும், பால் கொடுக்கும் தாய் ஒரு லிட்டர் வரை குடிக்கும். பத்து முயலுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் உறுதியாகக் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். குடம் காசு கொடுத்து வாங்குகிற தெருவில் இருந்தால் எண்ணிக்கையை அதற்குத் தக்கபடி வையுங்கள்.

கூண்டைப் பற்றிச் சுருக்கமாக. தாய் முயலுக்கு நீளம் இரண்டரை அடி, அகலம் இரண்டடி, உயரம் ஒன்றரை அடி. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்க வேண்டும். அடிக் கம்பி வலை அரைக்கு ஒரு அங்குலக் கண், 14 கேஜ். எனக்குக் கொடுத்தது மெல்லிய கம்பி. உப்புக்காற்றும் மூத்திரமும் சேர்ந்து எட்டு மாதத்தில் துரு ஏறி, வெல்டிங் விட்ட இடத்தில் கம்பி முள்ளாக நின்றது. அது குத்திப் பின்னங்காலில் புண், புண்ணோடு இருக்கும் முயல் இணையும் சேராது, எடையும் போடாது. கம்பி மேலேயே உட்காராமல் இருக்க ஓரடிச் சதுரப் பலகை ஒன்று உள்ளே போடுங்கள். அடித்தளத்துக்கு மூங்கில் பத்தையை அரை அங்குல இடைவெளியில் அடிப்பது இந்தக் கடலோரத்துக்குப் பொருத்தம், கெட்டதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பக்கவாட்டில் கீழே அரையடிக்குக் கண் சின்ன வலை கட்டாயம். பெரிய கண் வழியாகக் குட்டி வெளியே விழும், விழுந்த குட்டியைத் தாய் கவ்வித் தூக்காது.

இணை சேர்க்கும்போது பெண்ணை ஆண் கூண்டுக்குக் கொண்டு போக வேண்டும், ஆணைப் பெண் கூண்டில் விட்டால் சண்டை. பெண்ணுறுப்பு வெளுத்திருந்தால் ஒத்துவராது, சிவந்து தடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளும். ஆண் ஒரு சத்தத்தோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தால் முடிந்தது. சேர்க்கை நடந்த பிறகுதான் முயலுக்குக் கருமுட்டையே வெளிவரும், அதனால் எட்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை விட்டால் குட்டி கூடும். தேதியைக் கூண்டு அட்டையில் எழுதுங்கள். 12 முதல் 14 நாளில் வயிற்றை மெல்லத் தடவினால் திராட்சைக் கொத்துப் போலக் கைக்குத் தட்டும். 31-ஆம் நாள், ஒன்றிரண்டு முன்னே பின்னே, ஈனும். 27-ஆம் நாள் ஈனும் பெட்டி வைக்க வேண்டும். இரண்டடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம், அடியில் நான்கைந்து துளை. உள்ளே காய்ந்த புல்லோ மரச்சீவலோ போடலாம். நான் தேங்காய் நார் போட்டேன். நீள நார் குட்டிகளின் கழுத்திலும் காலிலும் சுற்றிக்கொண்டது.

முதல் ஈற்று ஆறு குட்டி. காலையில் பார்க்கும்போது தாய் தன் முடியைப் பிடுங்கி மூடியிருந்தது, அதற்குள் ஆறும் சூடாகத் துடித்துக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் முடியை விலக்கினால் செவ்வெறும்பு. ஆறும் போய்விட்டன. கூண்டுக் கால் நான்கையும் கழிவு ஆயில் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை. ஓலை நுனி கூண்டைத் தொட்டாலும் அதன் வழியாக எறும்பு இறங்கும், அதையும் பாருங்கள். இன்னொன்று. தாய் குட்டிகள் மேல் படுப்பதில்லையே, பால் கொடுக்கவில்லையே என்று பயந்து பலர் பெட்டியைக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். முயல் ஒரு நாளைக்கு ஒரே தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும், பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில். குட்டியின் வயிறு உருண்டு தோல் மின்னினால் குடித்திருக்கிறது. வயிறு ஒட்டிச் சுருங்கியிருந்தால்தான் கவலை. எட்டுக்கு மேல் குட்டி இருந்தால் மூன்று நாளுக்குள் அதே சமயம் ஈன்ற இன்னொரு தாயிடம் மாற்றலாம். இதற்காகவே இரண்டு பெண்களை ஒரே நாளில் இணை சேர்ப்பது நல்லது.

மழைக்காலத்தில் அடுத்த அடி. அடுத்த ஈற்றுக் குட்டிகள் பதினான்கைக் கார்த்திகையில் தாயிடமிருந்து பிரித்தேன். பத்து நாளில் வயிறு ஊதி, பின்புறம் நனைந்து, ஒன்பது செத்தன. இரத்தக்கழிச்சல் என்று சொல்லும் காக்சிடியா, குடல் ஒட்டுண்ணியால் வரும் நோய். எச்சத்தில் வரும் முட்டை ஈரத்தில் முதிரும், அந்த ஈரத்தில் கிடந்த புல்லைத் தின்றால் குட்டிக்கு வரும். நான் மழையில் நனைந்த புல்லைக் கூண்டுத் தரையிலேயே போட்டிருந்தேன். புல்லை வெட்டி நிழலில் ஒரு பொழுது வாட்டி, கூண்டின் மேல் பக்கம் தொங்கவிட வேண்டும். அடியில் விழும் புழுக்கையைத் தினம் வாரி, வாரம் ஒரு தடவை சுண்ணாம்பு தூவ வேண்டும். குட்டியைப் பிரிக்கிற வாரத்தில் தண்ணீரில் கலந்து கொடுக்கும் சல்ஃபா மருந்தை எடைக்குத் தக்கபடி மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் கழிச்சலைப் பார்த்துப் பயந்து ஒரு தாய் முயலுக்கு மருந்துக் கடையில் கேட்டுக் குழந்தைகளுக்கான அமாக்சிசிலின் சிரப் கொடுத்தேன். மூன்றாம் நாள் அதுவும் செத்தது. தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கக் கூடாது. அதன் குடலில் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்கள் அழிந்து விஷம் உற்பத்தியாகும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். காதிலும் மூக்கிலும் சொறி வந்தால் ஐவர்மெக்டின் ஊசி, பத்துப் பதினான்கு நாள் கழித்து இன்னொரு ஊசி, இரண்டும் மருத்துவர் கையால். சொறி முயலைத் தொட்டால் நம்ம கையிலும் அரிப்பு வரும்.

தீவனத்தில் நான் கம்பெனிக் குச்சித் தீவனத்தை நம்பி ஆரம்பித்தேன், கிலோ 32 ரூபாய். இப்போது பாதிக்கு மேல் வீட்டிலேயே. பத்துக் கிலோவுக்கு உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் 3 கிலோ, கோதுமைத் தவிடு 3, கடலைப் பிண்ணாக்கு 2, உளுந்துப் பொட்டு ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கூட, தாது உப்புக் கலவை 150 கிராம், கல்லுப்பு 50 கிராம். தூளாகப் போட்டால் மூக்கில் ஏறித் தும்மும், தண்ணீர் தெளித்துக் கொழுக்கட்டையாகப் பிடித்து வையுங்கள். வளர்ந்ததுக்கு நாளைக்கு 100 முதல் 150 கிராம், குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு 200 முதல் 250. கடல் ஈரத்தில் பிண்ணாக்கு சீக்கிரம் பூசணம் பிடிக்கும், பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும். பதினைந்து நாளுக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். பசுந்தீவனத்துக்கு அகத்தி, முருங்கை, வேலிமசால், அருகம்புல். வேலியோரம் இருபது அகத்தி நட்டால் ஐந்தாறு முயலுக்குத் தாங்கும். முண்டு மிளகாய்க் கொல்லை வரப்பில் புல் அறுக்காதீர்கள், என்றைக்கு மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. நார் குறைந்தால் வயிறு உப்பிவிடும், அதனால் காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் கிடக்கட்டும். இராத்திரி அது தன் பின்புறத்தில் வாய் வைத்து மெல்லிய எச்சத்தைத் தின்பதைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம், அது அதன் செரிமானத்தில் ஒரு பாகம்.

விற்பனைக்கு வருகிறேன். ‘குட்டியை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்’ என்று முயல் விற்றவர்கள் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐம்பது கிலோ சேர்ந்தால்தான் வண்டி வரும் என்றது முதல் பதில். அப்புறம் போன் எடுக்கவில்லை. 2012-இல் ஈமு கோழியில் எத்தனை குடும்பம் பணத்தை விட்டது என்பது ஊர் அறிந்த கதை, இதுவும் அதே மாதிரிப் பேச்சுதான். திரும்ப வாங்குவோம் என்ற வார்த்தையை நம்பி ஒரு முயல்கூட வாங்காதீர்கள். வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊரில் கறி கேட்கப்போகிற பத்து வீட்டைப் பேர் சொல்லி எழுத முடியுமா என்று பாருங்கள். காட்டு முயலைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதனால் சிலர் முயல் கறி என்றாலே பயப்படுவார்கள். வீட்டு முயல் வேறு, உணவுப் பாதுகாப்பு விதிமுறையிலேயே இறைச்சிக்கான விலங்காகச் சேர்த்திருக்கிறார்கள் என்று விளக்கிச் சொல்ல வேண்டும். நான் உயிரோடு கிலோ 250 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். இரண்டு கிலோ முயலில் ஒரு கிலோவை ஒட்டிக் கறி தேறும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தவர்கள் அவர்கள் முறைப்படி அறுத்துக்கொள்வார்கள், அதனால் உயிரோடு கொடுப்பது இரண்டு பேருக்கும் தோது.

எப்போது கொடுப்பது என்பதை மீன்பிடித் தடைக்காலம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும், வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது என்று தேடுவார்கள். மார்கழி முதல் வாரம் இணை சேர்த்தால் தை பிறக்கும்போது குட்டி. மூன்று மாதத்தில், சித்திரை தொடங்கும்போது இரண்டு கிலோ. மீதியிருந்த மூன்று தாயையும், வேறிடத்தில் வாங்கிய ஓர் ஆணையும் வைத்து அப்படிச் செய்தேன். பதினாறு குட்டி தேறியது, பதினாறும் தடைக்காலத்திலேயே போய்விட்டது. சுமார் 8,000 ரூபாய். தீவனம் போக மூவாயிரத்துச் சொச்சம் நின்றது. கோடையில் நிறுத்திவிடுவதால் ஒரு தாயிடம் ஆண்டுக்கு நான்கு ஈற்றுக்கு மேல் இங்கே எதிர்பார்க்க முடியாது, ஈற்றுக்கு ஐந்து தேறினால் நல்ல வளர்ப்பு. யாராவது இதைவிடப் பெரிய கணக்குக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது யாராவது கேட்டால் இரண்டு பெண், ஓர் ஆண், மூன்று கூண்டு, ஓலைக் கூரை, அதுவும் ஐப்பசி பிறந்த பிறகு என்றுதான் சொல்கிறேன். ஓலையை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது, அந்தச் செலவுக்கு மட்டும் புழுக்கை கைகொடுக்கிறது. தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போடுகிற ஒருவர் மாசம் ஒரு தடவை வந்து மூட்டை கட்டிக்கொண்டு போகிறார். போன தடவை வந்தபோது அவரும் ஒரு ஜோடி கேட்டார். புரட்டாசி கழியட்டும் மாமா, முதலில் கூரையைப் போடுங்கள், பிறகு தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.